வடதுருவம் படித்தவள் வரைந்த படம்

ஏற்காட்டில் வளர்ந்தவள் எதற்காக வடதுருவத்தை ஆராய்ச்சி செய்யப் போனாள் என்று கேட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பதில் சொல்லி வைத்திருந்தேன். உண்மைக் காரணம் மிகச் சாதாரணமானது. என் பேராசிரியர் ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே எல்லோரும் துருவத்துக் கடலும் நிலமும் யாருக்குச் சொந்தம் என்றுதான் பேசினார்களாம். வந்ததும் வராததுமாக, எம்.பில். சேர்ந்திருந்த எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என் அறைத்தோழி தஞ்சாவூர்க்காரி. அவளுக்குக் கடல், எண்ணெய், சுற்றுச்சூழல். எனக்கு அங்கே வாழும் பூர்வகுடிகளின் இறையாண்மை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற மாதிரி, கேட்காமலே இலையில் விழுந்துவிட்டது. மலையிலிருந்து வந்தவள் என்பதால் குளிர் எனக்குப் பழகியிருக்கும் என்று வேறு சொன்னார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பல்கலைக்கழக நூலகத்தில் துருவத்தைப் பற்றி இருந்தவை இரண்டே புத்தகங்கள். இரண்டும் கொடி நடப் போன வெள்ளைக்காரர்களின் பயணக் கதைகள். நாய்களைப் பற்றி இருந்த அளவுக்குக்கூட அந்த ஊர் மனிதர்களைப் பற்றி அவற்றில் இல்லை. துருவத்தை ஒட்டிய நாடுகளின் தூதரகங்களுக்கும் நூலகங்களுக்கும் எழுதினோம். ஒரு தூதரகத்திலிருந்து பனிக்கரடி போட்ட காலண்டர் வந்தது. இன்னொன்றிலிருந்து, எங்கள் நாட்டில் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள் என்று வழவழப்பான தாளில் ஒரு சின்னப் புத்தகம். தஞ்சாவூர்க்காரி அந்தக் காலண்டரை அறையில் மாட்டி, தினமும் காலையில் கரடிக்கு வணக்கம் சொல்லிவிட்டு நூலகத்துக்குக் கிளம்புவாள். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு வருடப் படிப்பில் ஐந்து மாதம் தபால்காரரை எதிர்பார்த்தே போய்விட்டது.

ஆறாவது மாதம் அந்த நாடுகளில் ஒன்றின் நூலகம், நாங்கள் எழுதியதை மறந்துவிட்ட பிறகு, ஒரு கட்டு நகல்களை அனுப்பியது. அதைப் படித்த இரவுகளை என்னால் மறக்க முடியாது. அங்கே வேட்டைக்காரர்கள் கையில் பெரிய பெரிய வரைபடத் தாள்களைக் கொடுத்திருக்கிறார்கள். தான் எங்கே வேட்டைக்குப் போனேன், அப்பா எங்கே கூடாரம் போட்டார், எந்த ஓடையில் மீன் பிடித்தோம் என்று ஒவ்வொருவரும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். ஒருவர் கோட்டின் மேல் இன்னொருவர் கோடு. ஊரிலுள்ள எல்லோரும் போட்டு முடித்தபோது, வெறும் பனி என்று அரசாங்கம் சொன்ன இடமெல்லாம் கோடாக இருந்தது. ஆளில்லாத இடமல்ல இது, எங்கள் வீடு என்று அதை வைத்துத்தான் அவர்கள் அரசாங்கத்திடம் பேசினார்கள். படித்துவிட்டு நான் அழுதேன். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே அழுதேன்.

பேராசிரியர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நம்ம ஊர் உதாரணம் ஒன்று இருந்தால் ஆய்வு தூக்கி நிற்கும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எஸ்டேட் குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். பழம் பறிக்கிற சீசனில் தலைச்சோலைக் கிராமத்துக்கு அப்பாலிருந்து ஒரு அக்கா வேலைக்கு வருவார். மலைக்கார அக்கா, அந்த மலையின் பழங்குடி. முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். வாய் கொஞ்சம் நீளம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே, என்ன கண்ணு, இங்கிலீசுல இருமுவியா தமிழ்ல இருமுவியா என்று என்னை வம்புக்கு இழுப்பவர். அவருக்கு ஊரில் பட்டா போட்ட துண்டு நிலம் ஒன்று இருந்தது. அது கோழி மேய்வதற்குத்தான் காணும். வயிற்றைக் கழுவியது அதற்கு மேலே சரிவில் இருந்த சாமைக்காடு. அது பேப்பரில் அரசாங்கக் காடு. ஊர்க் கணக்கில் அந்த அக்காவுடையது, ஏனென்றால் அங்கே நிற்கும் நான்கு பலா மரங்களும் அவர் வீட்டுக்காரருடைய தாத்தா வைத்தவை. அந்த ஊரில் மரம் வைத்தவன் வகையறாவுக்குத்தான் மரத்தடி நிலம். காட்டைக் காவல் காக்கிற கார்டுக்கும் இது தெரியும். அறுப்பு முடிந்தால் அவருக்கு ஒரு படி சாமை போகும்; அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார். இப்படியே மூன்று தலைமுறை ஓடியிருந்தது.

மே மாத விடுமுறையில் தஞ்சாவூர்க்காரியையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். முதலில் அந்த அக்காவின் ஊர்க்கவுண்டரைப் பார்த்தோம். அந்த ஊரில் அவர் சொல்லாமல் யாரும் எதுவும் பேசமாட்டார்கள். எதற்குங்க படம் என்று கேட்டார். படிப்புக்கு என்றோம். படிப்புக்குன்னா சரிங்க என்றார். அவ்வளவுதான் அவர் தந்த அனுமதி. அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு எல்லை இருந்தது என்பது அன்று எனக்குப் புரியவில்லை. இத்தனைக்கும், பூர்வகுடிகளின் சம்மதம் என்றால் என்ன என்று இருபது பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் எழுதி முடித்திருந்தவள் நான்.

நான்கு நாள் சரிவு சரிவாக ஏறி இறங்கினோம். யார் மரம், யார் ஓடை, யார் தேன் எடுக்கிற பாறை எல்லாவற்றையும் எஸ்டேட் ஆபீஸிலிருந்து அப்பா கொடுத்த பெரிய தாளில் குறித்தோம். அந்த அக்காதான் எங்களோடு நடந்தார். பலாப்பழ வாசனை எங்கே போனாலும் கூடவே வந்தது. நடக்கும்போது நான் துருவத்துக் கதையைச் சொன்னேன். அங்கே பலா காய்க்குமா என்று கேட்டார். ஒரு மரம்கூடக் கிடையாது என்றேன். அப்புறம் எல்லைக்கு என்ன செய்வார்கள் என்று உண்மையாகவே கவலைப்பட்டார். நடந்த தடம்தான் எல்லை, அதை அவர்களே கோடாகப் போட்டுக் காட்டினார்கள் என்றேன். கெட்டிக்கார சனங்க என்று சொல்லிவிட்டு, அரசாங்கக் காட்டின் எல்லைக் கல்லைத் தாண்டி மேலே ஏறி, நான்கு மரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கார்டிடம் இத்தனை வருடமாக வாயால் சொல்லாததை எங்களிடம் சொன்னார். நான் ரைட்டர் மகள், படிக்கிற பெண், அதனால்.

படம் அழகாக வந்திருந்தது. அழகாக வந்ததுதான் வினை. தஞ்சாவூர்க்காரி பச்சையும் சிவப்புமாக மை தீட்டி முடித்ததும், இதை ஆய்வில் மட்டும் வைத்துப் பூட்டினால் பாவம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றிவிட்டது. துருவத்துக்காரர்களுக்குப் படம் நிலத்தை வாங்கிக் கொடுக்கும் என்றால் சேர்வராயன் மலைக்காரர்களுக்கு ஏன் கொடுக்காது? உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த நிலத்தை ஆண்டு வருகிறார்கள், பட்டா கொடுங்கள், ஆதாரமாக வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது. மக்கள் சார்பாக என்று போட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மக்களைக் கேட்கவில்லை. மறுபடி மலையேறிப் போய்க் கேட்க அரை நாள் ஆகும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அப்பா மனுவை இரண்டு தடவை படித்தார். அதிகம் பேசாதவர். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இத அனுப்பாத கண்ணு" என்றார்.

நான் அவரிடம் சண்டை போட்டேன். வாழ்நாள் முழுக்க முதலாளிக்குப் பேரேடு எழுதியே பயந்து போய்விட்டீர்கள் என்றேன். அப்பா எழுந்து ஆபீஸுக்குப் போய்விட்டார். அந்த வார்த்தைக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. கேட்க நினைத்தபோது அவர் இல்லை.

எந்த ஆபீஸில் கொடுத்தோம் என்று சொல்லப் போவதில்லை. பெரிய ஆபீஸ், பெரிய மேஜை. செப்டம்பரில், ஆய்வை எழுதி முடிக்க நாங்கள் இன்னும் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் பதில் வந்தது: தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. உரிய நடவடிக்கை என்ற வார்த்தையில் மயங்கி இரண்டு பேரும் கடைக்குப் போய் ரோஸ்மில்க் குடித்துக் கொண்டாடினோம். சம்பந்தப்பட்ட அலுவலகம் எது என்று இரண்டு ஆராய்ச்சி மாணவிகளுக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. அந்த நிலம் காட்டுக்குச் சொந்தம் என்று பேப்பர் வைத்திருக்கிற ஆபீஸ்தான் அது. ஆட்டுக்குட்டி சார்பாக எழுதிய மனுவை ஓநாய்க்கே நகல் போட்டிருந்தோம்.

நவம்பரில் அப்பாவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. படத்தோடு விசாரணைக்கு வருகிறார்கள், உடனே வா என்று ஒரே வரி.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். சாமை அறுப்புக்கு நின்றது. நான் ஒரு யோசனையோடு போயிருந்தேன். மரம் உங்களுடையது இல்லை என்று சொல்லிவிடுங்கள், படம் தப்பு, வரைந்தவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நானே எழுதிக் கொடுக்கிறேன், என்ன வந்தாலும் என் தலையோடு போகட்டும் என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஊரு நிக்கும் கண்ணு அங்க. கவுண்டரு நிப்பாரு, எம் பங்காளிங்க நிப்பாங்க. ஊரு முன்னால ஒருக்கா என்னுதில்லன்னு சொல்லிப்போட்டா சொன்னதுதான். நாளைக்கு ஜீப்பு போயிரும். பங்காளி ஏர் கட்டுவான். நான் என்னன்னு கேக்க முடியும்?"

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்தச் சரிவு நிலத்துக்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. ஊர் முன்னால் சொன்ன சொல்தான் பத்திரம். என்னுடையது என்றால் அரசாங்கத்துக்கு ஆக்கிரமிப்பு. என்னுடையது இல்லை என்றால் ஊருக்கு விட்டுக்கொடுத்தது. வீட்டுக்காரர் இல்லாத பெண்ணின் வாயிலிருந்து அந்தச் சொல் எப்போது வரும் என்று பங்காளிகள் காத்திருந்தார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் நிலம் போகிற மாதிரி ஒரு கேள்வியை நான்தான் கோடு போட்டு வண்ணம் தீட்டி அந்த வாசலுக்குக் கொண்டுவந்திருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பேராசிரியர் மேல், ஆபீஸ் மேல், பங்காளிகள் மேல் எல்லாம் ஒரு சுற்றுப் போய்விட்டு என் மேலேயே வந்து நின்றது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி மரியாதையான மனிதர். யாரையும் அதட்டவில்லை. அவர் கையிலிருந்த ஃபைலில் எங்கள் படம் இருந்தது. எங்கள் பச்சை, எங்கள் சிவப்பு. கார்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. இத்தனை வருடம் என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அவருக்கும் விளக்கம் கேட்டு ஓலை போயிருந்தது.

"பேப்பர்ல வராத மட்டும் எனக்குக் கண்ணு தெரியாதுங்க. நீங்க கண்ணாடி மாட்டி உட்டுட்டீங்க" என்றார் மெதுவாக.

அதிகாரி முதல் மரத்தடியில் நின்று, இது யாருடையது என்று கேட்டார். ஊர் மொத்தமும் அந்த அக்காவைப் பார்த்தது. பங்காளிகள் இரண்டு பேர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என்னுதுங்க" என்றார். நான்கு மரத்துக்கும் நான்கு தடவை அதையே சொன்னார். அதிகாரி நான்கு தடவையும் எழுதிக்கொண்டார். நான் ஓடிப்போய், படம் தப்புங்க சார், நான் தப்பாக வரைந்துவிட்டேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, அவங்களே ஒத்துக்கறாங்களேம்மா என்றார். படம் ரொம்பத் துல்லியமாக இருப்பதாகவும் சொன்னார்.

சாமையை அறுத்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். பிறகு மரங்களின் பட்டையைச் செதுக்கி வெள்ளை பெயிண்ட்டில் நம்பர் போட்டார்கள். சரிவின் கீழே அகழி வெட்டி, மேலே ஏதோ கன்று நட்டார்கள். பழம் உதிர்ந்தாலும் பொறுக்கக் கூடாது. அந்த அக்கா அதற்குப் பிறகு சீசனுக்கு மட்டும் இல்லாமல் வருடம் முழுக்க எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தார். அப்பாதான் முதலாளியிடம் பேசி நிரந்தரமாகச் சேர்த்துவிட்டார். 

நான் ஒரு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். வாபஸ் வாங்கலாம், ஆனால் அதன் பேரில் எடுத்த நடவடிக்கையை வாபஸ் வாங்க முடியாது என்றார் ஒருவர். பாதிக்கப்பட்டவர் நீங்களா என்று கேட்டார் இன்னொருவர். இல்லை என்றேன். அப்படியென்றால் நீங்கள் எப்படி மனுக் கொடுக்க முடியும் என்றார். முதல் மனுவுக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே என்றேன். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். தஞ்சாவூர்க்காரி இரண்டு தடவை கூட வந்தாள். பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

ஆய்வு தேறியது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் துருவத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் படத்தைத்தான் விரித்து வைத்துக்கொண்டு, களத்திலிருந்து கிடைத்த அரிய சான்று என்று பாராட்டினார். பேராசிரியர் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். வருத்தப்பட்டார், அதையும் ஒரு அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமே என்றார். அன்று அந்த அறையில் நான் ஏன் கத்தாமல் இருந்தேன் என்று இப்போதும் என் மேல் எனக்குக் கோபம்தான். பட்டம் வேண்டியிருந்தது, அதனால்தான்.

தொண்ணூறுகளில், நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, செய்தித்தாளின் ஒரு மூலையில் நான்கு வரிச் செய்தி பார்த்தேன். அந்த வடக்குச் சனங்களுக்கும் அரசாங்கத்துக்கும் உடன்படிக்கை முடிந்துவிட்டது. நிலம் அவர்கள் பேருக்கு எழுதப்படுகிறது. தனி ஆட்சிப் பகுதியும் வரப் போகிறது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமையும் எரிச்சலும்தான் வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மலைக்குப் போனேன். இந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த அக்கா ஒருவர்தான்.

எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. பெரிய பெண்ணைக் கட்டிக்கொடுத்து வெள்ளக்கடை என்ற ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். காப்பி போட்டுக் கொடுத்தார். பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். அன்றைக்கு நடக்கும்போது சொன்னேனே, அந்தப் பனி ஊர்க்காரர்களுக்கு நிலம் கிடைத்துவிட்டது அக்கா என்றேன்.

"நெசமாவா? படத்த வச்சேவா?"

ஆமாம், அதுவும் ஒரு காரணம் என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"படத்த ஆரு கையில குடுத்தாங்க கண்ணு?"

யாரிடமும் கொடுக்கவில்லை என்றேன். அவர்களே வரைந்தார்கள், அவர்கள் சங்கத்திலேயே வைத்திருந்தார்கள், அரசாங்கத்தோடு பேச உட்கார்ந்தபோது அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். வருடக்கணக்காக வகுப்பில் நடத்துகிற விஷயம். வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டது.

அந்த அக்கா என் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "எங்க ஊருப் படத்த நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க" என்றார். அதுவரை கண்ணு என்று கூப்பிட்டவர்.

அந்தப் படத்துக்கு ஐந்து பிரதி எடுத்திருந்தோம். ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று பேராசிரியருக்கு, ஆளுக்கொன்று எங்கள் இருவருக்கும்.